வயித்து வலின்னு ஒரு பையன் சொல்றான்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட ஒருநாள் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. கவிதை வாசிக்கச் சொன்னால் வாசிப்பேன். மற்றபடி பகலெல்லாம் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவன் பணத்தை எண்ணுகிற குமாஸ்தா நான். சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளி ஆலோசகர் என்று தலைப்பைச் சொன்னதுமே சில தோழர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். காலையிலிருந்து பஞ்சமி நிலம், வன்கொடுமை வழக்கு, இடஒதுக்கீடு என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நடுவுல இது என்ன பணக்காரப் பள்ளிக்கூட சமாச்சாரம்னு தோணும். மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

முதல்ல அந்தச் சொல்லையே எடுத்துக்குவோம். கவுன்சிலிங். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு மூன்று அர்த்தம் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, இன்ஜினியரிங் காலேஜில் சீட்டு எடுக்கிற இடம். இரண்டு, வாத்தியார்கள் டிரான்ஸ்பர் வாங்குகிற இடம். மூன்றாவது நம்ம ஆட்களுக்கு நல்லாத் தெரிந்தது. சாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கொண்ட பிள்ளைகள் பாதுகாப்புக் கேட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார்கள். பெண்ணின் அப்பனையும் மாமனையும் வரவழைத்து, அழவைத்து, மிரட்டி, பெண்ணைப் பிரித்து அனுப்பிவிட்டு, "கவுன்சிலிங் குடுத்து அனுப்பிட்டோம்" என்று எழுதிக்கொள்வார்கள்.

இந்த மூன்று அர்த்தத்திலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. மேலே உட்கார்ந்திருக்கிறவன் பேசுவான், கீழே நிற்கிறவன் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் இன்றைக்குப் பேசப்போகிற வேலை இதற்கு நேர் தலைகீழானது. அங்கே பேசுவது ஆறு வயசு, எட்டு வயசுப் பிள்ளை. கேட்டுக்கொண்டிருப்பது பெரியவர்.

குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். வருஷா வருஷம் ஸ்காலர்ஷிப் கணக்குத் தொடங்கப் பிள்ளைகள் வருவார்கள். பெரும்பாலும் அம்மாவோடு. அந்த அம்மா அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். ஒருநாள் பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர், கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப்பா? அதெல்லாம் அப்படி ஓரமா நில்லுங்க" என்றார். அந்தப் பெண்குழந்தைக்கு ஏழெட்டு வயசிருக்கும். சட்டென்று அம்மாவின் முந்தானையை இழுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டது. அழவில்லை. மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. கையிலிருந்த கட்டை எண்ணி முடித்தேன். அன்றைக்கு ராத்திரி ஒரு கவிதை எழுதினேன். பத்திரிகையில் வந்தது, நல்லாருக்குன்னு நாலுபேர் சொன்னாங்க. அந்தக் குழந்தைக்கு அந்தக் கவிதையால் ஒரு மயிரளவும் பிரயோஜனம் கிடையாது. அந்த மூடிய முகத்துக்கு என்ன பதில் என்று கேட்டுக்கொண்டு நான் போய் நின்றது எங்கள் தெருவிலேயே இருக்கிற ஒரு அக்காவிடம்.

அக்காவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவங்களே வேண்டாம்னுட்டாங்க. எங்கள் சேரியில் முதன்முதலாகக் காலேஜ் போன பெண். தபால் வழியில் உளவியல் எம்.எஸ்சி. முடித்தவர். ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டத்தில், தொகுப்பூதியத்தில், ஐந்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஆலோசகராகப் போய்க்கொண்டிருந்தார். நாளைக்கு ஒரு பள்ளி. பஸ் காசு கைக்காசு. அவருடைய சாமான் ஒரு துணிப்பை. அதில் வெள்ளைத்தாள், கிரேயான், கொஞ்சம் களிமண், இரண்டு துணி பொம்மை, ஒரு டப்பா நிறைய புளியங்கொட்டை.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நாற்காலி கிடையாது. பிள்ளை தரையில் உட்கார்ந்தால் அவரும் தரையில்தான். பிள்ளையின் கண்ணுக்கு மேலே தன் கண் போகக் கூடாது என்பார். 'ஏன்' என்ற கேள்வியைக் கேட்க மாட்டார். ஏன் அழுதே, ஏன் அடிச்சே, ஏன் ஹோம்வொர்க் எழுதலே. சின்னப் பிள்ளைக்கு 'ஏன்' என்றாலே குற்றம் சாட்டுகிற மாதிரிதான். வாத்தியாரும் அதையே கேட்கிறார், அப்பனும் அதையே கேட்கிறான். அக்கா கேட்பது 'எப்போ', 'எங்கே', 'அப்புறம் என்னாச்சு'. பதில் வரவில்லை என்றால் சும்மா இருப்பார். சில நாள் முக்கால் மணி நேரமும் பிள்ளை களிமண்ணை உருட்டிவிட்டு எழுந்து போய்விடும். அதுவும் வேலைதான்.

முதல் நாளே பிள்ளைகளிடம் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்வார். "நீ சொல்றதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன்னை யாராவது தொடக் கூடாத இடத்துல தொட்டாலோ, உன் உசுருக்கு ஆபத்துன்னாலோ மட்டும் சொல்லியாகணும். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." பாலியல் வன்முறை தெரிந்தால் புகார் சொல்லியே ஆகவேண்டும் என்பது 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம். அங்கே ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எதைக் காப்பாற்ற முடியும், எதை முடியாது என்று ஆறு வயசுப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது அக்காவைப் பொறுத்தவரை மரியாதை சம்பந்தப்பட்டது. நம்ம பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மரியாதையை யார் கொடுத்திருக்கிறார்கள்?

சின்னப் பிள்ளைக்கு வார்த்தை பிறகுதான் வரும், உடம்பு முதலில் பேசும். வயித்து வலி, தலைவலி, படுக்கையில் ஒண்ணுக்குப் போவது, நகத்தைக் கடிப்பது, திடீரென்று வாயே திறக்காமல் போவது. பள்ளிக்கூடம் இதற்கெல்லாம் தயாராகப் பெயர் வைத்திருக்கிறது. சோம்பேறி, மந்தம், திருட்டுமுழி, 'அதுங்களுக்குப் படிப்பு ஏறாது'.

உடம்பு முதலில் பேசும் என்பதற்கு வேங்கைவயலைவிட வேறு சாட்சி வேண்டுமா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பிள்ளைகள் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தண்ணியைப் பாருங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தொட்டி மேல் ஏறிப் பார்த்தார்கள். அந்த வழக்கு பிறகு போன போக்கைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், இன்னும் பேசுவோம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஊரின் விஷத்தை முதலில் காட்டிக்கொடுத்தது குழந்தைகளின் வயிறு.

இனி ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அக்காவிடமும் அவன் தாயாரிடமும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். வகுப்பு, வயசு, இடம் எல்லாம் மாற்றியிருக்கிறேன். யார் என்று யூகிக்க வேண்டாம்.

நாலாவது படிக்கிறான். தினமும் பன்னிரண்டு மணிக்குமேல் வயித்து வலி. துடிப்பான். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். வலி நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்ததிலும் ஒன்றும் இல்லை. "நடிக்கிறான்" என்று தலைமையாசிரியர் முடிவு கட்டிவிட்டார். "மேடம், நீங்க கொஞ்சம் கவுன்சிலிங் குடுங்க" என்று அக்காவிடம் தள்ளிவிட்டார்.

அக்கா முதலில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தார். அரை நாளோடு பள்ளி விடுகிற நாட்களில் வலி இல்லை. சத்துணவு போடுகிற நாளில் மட்டும்தான் வலி. அடுத்த வாரம் அவனிடம் தாளைக் கொடுத்து, பள்ளிக்கூடத்தை வரையச் சொன்னார். கட்டடம், வேப்பமரம், கொடிக்கம்பம், குழாய் எல்லாம் வரைந்தான். ஆள் ஒருத்தர்கூட இல்லை. புளியங்கொட்டை டப்பாவைத் திறந்து வைத்து, "சாப்பாட்டு மணி அடிச்சுருச்சு, யார் யார் எங்க இருப்பாங்க, வச்சுக் காட்டுறியா" என்றார். வராண்டாவில் ஒரு குவியல் வைத்தான். குழாய்க்குப் பக்கத்தில் தள்ளி நாலு கொட்டை வைத்தான். "இது யாரு?" "காலனி." "நீ எங்க இருக்கே?"

ஒரு கொட்டை அவன் கையிலேயே இருந்தது. அதை எங்கேயும் வைக்கவில்லை. மணி அடித்ததும் எழுந்து போய்விட்டான். கொட்டையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மிச்சத்தைச் சொல்ல அவனுக்கு மூன்று வாரம் ஆனது. ஒருநாள் அவன் வராண்டாவில் தன் சினேகிதனுக்குப் பக்கத்தில் தட்டை வைத்து உட்கார்ந்திருக்கிறான். டீச்சர் வந்து, "ஏய் காலனி, உன் எடத்துல போய் உக்காரு" என்றிருக்கிறார். சினேகிதன் தன் தட்டை நகர்த்திக்கொண்டான். அவ்வளவுதான் சம்பவம். அடி இல்லை, ரத்தம் இல்லை, எஃப்.ஐ.ஆர். போடுகிற மாதிரி பெரிதாக ஒன்றும் இல்லை. எட்டு ஒன்பது வயசுப் பையன் வராண்டாவுக்கும் போக முடியாமல், குழாயடிக்கும் போகப் பிடிக்காமல், தன் வயித்துக்குள்ளேயே ஒரு இடம் தேடிக்கொண்டான்.

இங்கேதான் கேள்வி வருகிறது. நோய் எங்கே இருக்கிறது? பையனின் வயித்திலா, வராண்டாவிலா?

உளவியல் படித்த பலபேர் பையனிடம்தான் வேலை செய்வார்கள். மூச்சுப் பயிற்சி கொடுப்பார்கள். தன்னம்பிக்கை ஊட்டுவார்கள். "நீ கண்டுக்காம இரு, நல்லாப் படிச்சு மேல வா" என்பார்கள். அதாவது அந்த வராண்டா அப்படியே இருக்கும், பிள்ளை அதற்கு ஏற்றமாதிரி வளைந்துகொள்ள வேண்டும். இந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிற ஆலோசகர் சாதிக்கு எண்ணெய் போடுகிறவர்.

இதை நமக்கு முன்னாலேயே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 1972இல் மராட்டியத்துத் தோழர்கள் 'தலித் பாந்தர்ஸ்' என்று பெயர் வைத்தபோது அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து அந்தப் பெயரை எடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அதே மக்களிடமிருந்து எடுக்க வேண்டிய இன்னொரு பாடம் மேமி கிளார்க். கறுப்பினப் பெண். 1943இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பட்டம் வாங்கியும் தகுந்த வேலை கிடைக்கவில்லை. வீடற்ற கறுப்பினச் சிறுமிகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை கிடைத்தது. இந்தப் பிள்ளைகளுக்கு எங்கேயும் ஒரு இடம் இல்லை என்பதை அங்கேதான் பார்த்தார். 1946இல் அவரும் கணவர் கென்னத் கிளார்க்கும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் குழந்தைகளுக்கென்று 'நார்த்சைடு' என்கிற மையத்தைத் தொடங்கினார்கள். 1979இல் ஓய்வு பெறுகிற வரைக்கும், 33 வருஷம், மேமி அதை நடத்தினார்.

அந்த மையத்துக்கு ஆரம்பத்தில் எந்த மாதிரிப் பெற்றோர்கள் வந்தார்கள் தெரியுமா? "உங்க பிள்ளைக்கு மூளை வளர்ச்சி குறைவு" என்று பள்ளிக்கூடம் தனி வகுப்பில் தள்ளிவிட்ட பிள்ளைகளின் அம்மாக்கள். சோதித்துப் பார்த்தால் அதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை, முத்திரை குத்தியவர்களிடம் இருந்தது. 'மந்தம்', 'ஏறாது' என்று நம் வாத்தியார்கள் குத்துகிற அதே முத்திரை.

கிளார்க் தம்பதியர் செய்த பொம்மைச் சோதனை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நிறத்தைத் தவிர எல்லாம் ஒரே மாதிரியான பொம்மைகள். மூன்றிலிருந்து ஏழு வயசு வரைக்குமான 253 கறுப்பினப் பிள்ளைகளிடம் காட்டினார்கள். எது நல்ல பொம்மை, எதோடு விளையாடப் பிடிக்கும்? பெரும்பான்மைப் பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. கடைசியில், "இதுல உன்னை மாதிரி இருக்கிறது எது?" என்று கேட்டபோது சில பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இந்தச் சோதனையும் அதன் பின்னால் இருந்தது. அறையில் ஒரு குழந்தை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் காட்டியது, கோர்ட் வரைக்கும் போனது. ஆலோசகர் வேலை என்பது இந்த இரண்டு முனையும் சேர்ந்ததுதான். அறைக்குள் கேட்பது ஒரு முனை, வராண்டாவை மாற்றுவது இன்னொரு முனை.

நம் பாபாசாகேப் சின்னப் பையனாக சாத்தாராவில் படித்தபோது கோணித்துணியைக் கையில் கொண்டுபோய் விரித்து உட்கார்ந்ததும், பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு இருந்ததும் நமக்கு மனப்பாடம். அன்றைக்கு அந்தப் பையனிடம், "உனக்கு எப்படிப்பா இருக்கு?" என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டிருப்பார்களா? நாற்பது வயசைத் தாண்டிய பிறகு அவரே எழுதினார். அவர் அம்பேத்கர், அதனால் எழுத முடிந்தது. எழுத முடியாமல் போன லட்சம் பிள்ளைகளின் கோணித்துணி எங்கே?

கேட்ட பள்ளிக்கூடமும் ஒன்று இருந்தது. 1855இல், பதினான்கு வயசு மாங் சாதிப் பெண் முக்தா சால்வே, தன் மக்கள் படுகிற பாட்டை ஒரு கட்டுரையாக எழுதினாள். மராட்டிப் பத்திரிகையில் அச்சாகி வந்தது. அவள் படித்தது ஜோதிராவ், சாவித்திரிபாய் புலே தம்பதியரின் பள்ளியில். எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற பள்ளி எங்கேயும் உண்டு. 'உன் வீட்டுத் துக்கத்தை எழுது, அதுவும் பாடம்தான்' என்று இடம் கொடுக்கிற பள்ளியில்தான் முக்தா எழுத முடியும்.

தோழர்களே, இதுவரைக்கும் அடுத்தவரைக் குறை சொல்லியாகிவிட்டது. இனி நம்மைப் பற்றி.

பையன் கதையை அக்கா என்னிடம் உடனே சொல்லவில்லை. ஒப்பந்தம் இருக்கிறதல்லவா? பையனும் தாயும் சம்மதித்த பிறகு, உதவி கேட்டுத்தான் என்னிடம் வந்தார். கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. "அக்கா, நாளைக்கே போஸ்டர் அடிச்சிருவோம். பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடுறேன். பையன் ஒரு ரெண்டு வார்த்தை பேசினாப் போதும்" என்றேன்.

அக்கா என்னை நிதானமாகப் பார்த்தார். "தம்பி, நாளைக்கு அவன் போட்டோ பேப்பர்ல வருது. நாளன்னைக்கு அவன் எந்தப் பெஞ்சுல போய் உக்காருவான்? அந்தக் கொட்டையை வைக்கிறதுக்கு அவனுக்கு இன்னும் எடம் கிடைக்கல. நீ அதைப் புடுங்கி உன் போஸ்டர்ல ஒட்டப் பாக்குறே" என்றார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் எழுதிய கவிதையும் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பெண்குழந்தையின் முகம் மூடிய முந்தானையைக் கிழித்துத்தானே அந்தக் கவிதையை எழுதினேன்? நாம் நம் பிள்ளைகளின் காயத்தைப் பேசுகிறோம், ஆனால் பிள்ளைகளிடம் பேசுகிறோமா? கூட்டத்துக்கு அழைத்து வருகிறோம், கோஷம் சொல்லிக்கொடுக்கிறோம். அவர்கள் சொல்வதைக் கேட்க நம் அமைப்புகளில் ஒரு மணி நேரம் ஒதுக்கியதுண்டா?

அதற்காக வெளியே பேசக்கூடாது என்று அர்த்தமில்லை. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி நம் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரரின் வீடியோ வெளியே வந்ததால்தான் கைது நடந்தது. அதே வருஷம் டிசம்பரில், ஈரோடு மாவட்டத்தில் தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவவைத்த தலைமையாசிரியை கைதானதும் ஒரு தாய் வெளியே சொன்னதால்தான். வெளியே சொல்லத்தான் வேண்டும். எப்போது, யார், யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்வது என்பதுதான் கேள்வி.

நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்ட். பன்னிரண்டாவது படிக்கிற நம் பையன், சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்கூடம் போவதை நிறுத்துகிறான். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறான், புகாராகிறது. ராத்திரி வீடு புகுந்து அரிவாளால் வெட்டுகிறார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவன் சொன்னதற்கும் வெட்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளைக்குக் காவலாக யாருமே இல்லை. பிள்ளையிடம் வாயைத் திறக்கச் சொல்கிறவர், திறந்த பிறகு வரப்போவதற்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். அந்தப் பையன் ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு வந்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 600க்கு 469 எடுத்தான் என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லலாம். ஆனால் அந்த மார்க்கை வைத்து அந்த ராத்திரியை மறைத்துவிடக் கூடாது.

நம் வயித்து வலிப் பையன் விஷயத்தில் அக்கா செய்தது இதைத்தான். முதலில் பையனிடமே கேட்டார், உனக்கு என்ன ஆகணும் என்று. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "டீச்சர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடணும்." அப்புறம் தாயிடம் போனார். "அவங்க கொல்லையிலதான் களை எடுக்குறேன், நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டாங்களே" என்று அந்த அம்மா அழுதார். அந்த நாலு கொட்டைகளின் அம்மாக்களையும் அக்கா ஒவ்வொருவராகப் பார்த்தார். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்தார், பதில் இல்லை. ஐந்து அம்மாக்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போனார்கள். அன்றைக்குத்தான் அக்கா, "இப்ப உங்க ஆளுங்க வரலாம்" என்றார். தோழர்கள் கூடப் போனார்கள். அந்த வாரம் முழுக்க ராத்திரி காலனியில் மாறி மாறிப் படுத்துக்கொண்டார்கள். போஸ்டர் இல்லை, கோஷம் இல்லை. களை எடுக்க வேறு ஊரில் வேலை பார்த்துக் கொடுத்தார்கள்.

விசாரணை வந்தது. டீச்சர் மாற்றப்பட்டார். பதிவேட்டு வரிசைப்படி எல்லாப் பிள்ளைகளும் வராண்டாவில் உட்கார வேண்டும் என்று எழுதி ஒட்டினார்கள். வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் என்னோடு சண்டை போடுகிற தோழர்கள் உண்டு. அம்மாக்கள் வேண்டாம் என்றார்கள். சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தீரவில்லை, விவாதிப்போம். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பையனின் வயித்து வலி உடனே போகவில்லை. இன்னும் நாலைந்து மாதம் அவ்வப்போது வந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷம் அக்காவின் ஒப்பந்தத்தை அந்த நிறுவனம் புதுப்பிக்கவில்லை. பள்ளிகளோடு 'சுமுகமான உறவு' இல்லையாம்.

இந்த வேலைக்கு ஏன் வந்தீங்க என்று அக்காவிடம் ஒருநாள் கேட்டேன். ரெண்டாவது படிக்கிறபோது ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லையாம். வீட்டில் பேசுவார், வாசலைத் தாண்டினால் வாய் பூட்டிக்கொள்ளும். 'ஊமை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சத்துணவு ஆயா மட்டும் தினமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாராம். ஒருநாள் அந்த ஆயாவிடம்தான், "அக்கா, முருங்கைக் காம்பைக் கிள்ளட்டுமா?" என்று முதல் வார்த்தை வந்ததாம்.

"அந்த ஆயா செஞ்ச வேலையைத்தான் நான் செய்யுறேன், படிச்சுட்டுச் செய்யுறேன்" என்றார். உடனே இன்னொன்றும் சொன்னார். "ஆனா தம்பி, என் காயத்துக்கு மருந்து தேடி நான் புள்ளைங்ககிட்ட போகக் கூடாது. ஒரு புள்ளை பேசாம இருந்தா, அது நானாத்தான் இருக்கும்னு நினைச்சிரக் கூடாது. அது வேற புள்ளை. அதுக்கு வேற கதை இருக்கும். அப்பன் குடிச்சிட்டு அடிக்கிறானா இருக்கும், காது கேக்காததா இருக்கும், வெறும் பசியா இருக்கும். எல்லாத்துக்கும் சாதின்னு முன்னாடியே எழுதி வச்சுட்டுப் போனா நானும் கேக்காதவதான்." கொள்கை உள்ளவர்களுக்கு இது கசப்பான பாடம். எனக்குக் கசந்தது.

அரசாங்கம் என்ன செய்கிறது? 2013 வாக்கில், சில மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒன்று என்று நடமாடும் ஆலோசனை வண்டிகளை விட்டார்கள். 2018இல் 14417 என்று தொலைபேசி எண் கொடுத்தார்கள். ஆறு வயசுப் பிள்ளை போன் போட்டுப் பேசுமா? சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வருவதற்கு எதிராக 2019இல் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது, எதிர்ப்பு வந்ததும் அமைச்சரே கைவிரித்தார். நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதில் பள்ளி நல அலுவலர், ஒன்றிய அளவில் பயிற்சி பெற்ற ஆலோசகர் என்ற பரிந்துரைகளும் உண்டு. நல்லதுதான். ஆனால் கணக்குப் போடுவது என் தொழில். தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள், 37 ஆயிரத்துக்கு மேல் அரசுப் பள்ளிகள். ஒன்றியத்துக்கு ஒருவர் என்றால் ஏறக்குறைய தொண்ணூறு, நூறு பள்ளிக்கு ஒருவர். கல்வி உரிமைச் சட்டப்படி ஆரம்பப் பள்ளிக்கு வருஷத்துக்கு 200 வேலை நாள். வகுத்துப் பாருங்கள். பள்ளிக்கு வருஷத்தில் ரெண்டு நாள். புளியங்கொட்டைப் பையனுக்கு ஒரு வாக்கியம் சொல்லவே மூன்று வாரம் ஆனது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இது. ஆலோசகர் பணி நிரந்தரப் பணியாக வேண்டும், தொகுப்பூதியம் கூடாது. தலைமையாசிரியரின் தயவில் அவர் இருக்கக் கூடாது. அவருடைய பயிற்சியில் சாதி ஒரு பாடமாக இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, அங்கிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பணிக்கு நம் பெண்கள் வர வேண்டும். சமூகப்பணியும் உளவியலும் படிக்கிற மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சென்னையில் தனியார் கிளினிக் போடுவதற்கு முன்னால் ஒரு ஐந்து வருஷம் இதற்குக் கொடுங்கள்.

அரசாங்கம் தருகிற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். நம் படிப்பகங்கள் இருக்கின்றன, மாலை வகுப்புகள் இருக்கின்றன. கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கிறோம். வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம், ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் தரையில் உட்காருங்கள். தாளும் கிரேயானும் வையுங்கள். 'ஏன்' என்று கேட்காதீர்கள். கேட்டதை முகநூலில் போடாதீர்கள். அக்கா இப்போது எங்கள் தெருப் படிப்பகத்தில் சம்பளம் இல்லாமல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். சனிக்கிழமை நானும் போகிறேன். ஆறு மாதமாக எனக்கு அவர் கொடுத்திருக்கிற ஒரே வேலை, களிமண் பிசைந்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. கவிஞனுக்கு ரொம்பக் கஷ்டமான வேலை அது.

அக்கா இங்கேதான் வந்திருக்கிறார், வாசல் பக்கம் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார். மேடைக்குக் கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டாங்க. நான் ஏதாவது தப்பாகச் சொல்லியிருந்தால் தேநீர் இடைவேளையில் அவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள், அவரைச் சுற்றி நின்றுகொண்டு கேட்காதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள்.

ஜெய்பீம்.